கோல் அடித்தவருக்கு ஒரு சீப்பு செவ்வாழை

நம்மூர்க்காரர்கள் நிறவெறியர்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். பஸ் நேரம், லாட்ஜ் வாடகை எல்லாம் பின்னால் வரும். ஐரோப்பாவில் ஏதோ ஒரு மைதானத்தில் கருப்பு வீரரைப் பார்த்துக் குரங்கு மாதிரி கத்தினார்கள் என்று செய்தி வந்தால், 'வெள்ளைக்காரன் திருந்தவே மாட்டான்' என்று நாம் கமெண்ட் போடுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதே சத்தத்தை நான் கேட்டேன். கத்தியவர்கள் எல்லாரும் என்னைப் போலவே கருத்த ஆட்கள்.

ஊரின் பெயரைப் போடவில்லை. உத்தமபாளையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் 'அந்த ஊர் அப்படித்தான்' என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் வியாசர்பாடிக்காரன். ஏசி மெக்கானிக். எங்கள் ஏரியாவில் பிள்ளைகள் பல் துலக்கப் பழகும் முன்பே பந்து உதைக்கப் பழகிவிடும். விடுமுறை கிடைத்தால் ஊர் ஊராகப் போய்ப் பந்தாட்டம் பார்ப்பேன், அதை இந்த வலைப்பூவில் எழுதுவேன். என்னோடு வேலை பார்க்கும் சாதிக் அந்த ஊர்க்காரன், ஊர் அணிக்கு கோல்கீப்பர். இந்த ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் அங்கிருந்து போன் செய்தான். "மாப்ள, கெளம்பி வாடா. மலப்புறத்துலருந்து ஆப்பிரிக்கா ஆள எறக்குறாக. செவன்ஸ் ஃபைனல். இதப் பாக்காம நீ என்ன எழுதிக் கிழிக்கப்போற?"

செவன்ஸ் தெரியாதவர்களுக்கு: அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், கேரளத்தின் வடக்கே சீசன் முழுக்க ஊருக்கு ஊர் நடக்கும். கானா, ஐவரி கோஸ்ட், நைஜீரியா என்று பல நாடுகளிலிருந்து வீரர்கள் அதை நம்பிப் பிழைக்க வருகிறார்கள். மலை தாண்டி அந்த மோகம் இப்போது கம்பம் பக்கமும் இறங்கியிருக்கிறது. பெரிய ஆட்டத்துக்கு அங்கிருந்து ஓர் ஆளை இரண்டு நாளைக்கு வரவழைப்பார்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் மதுரை. சனிக்கிழமை காலை 6.10க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய், 8.15க்கு இறங்கினேன். இட்லி, வடை, காபி அறுபது ரூபாய். கம்பம் பஸ் 8.40க்கு. அடித்துப் பிடித்து ஏற வேண்டாம், அடுத்தடுத்து வண்டி இருக்கிறது.

சாலை நெடுக ஃப்ளெக்ஸ். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியரின் பிறந்தநாளும் பொங்கலும் அடுத்தடுத்து வருவதால், மீசை வைத்த அந்தத் துரையின் படம் மாலையோடு ஒவ்வொரு முக்கிலும் நிற்கிறது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவரைக் கும்பிடுவதில் எனக்குச் சண்டை இல்லை. கடல் கடந்து வந்த ஒருவரைத் தன் வீட்டு ஆளாக நினைக்க இந்தப் பள்ளத்தாக்குக்குத் தெரியும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

வீரபாண்டி தாண்டும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆனால் நடுவில் ஒரு சீட் காலியாக இருந்தது. அதன் ஜன்னல் பக்கம் உயரமான ஒரு கருப்பின இளைஞர், மடியில் விளையாட்டுப் பை. அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கூடையோடு நின்ற அம்மாவிடம் கண்டக்டர் சொன்னார்: "ஆத்தா, அங்கன சீட்டு சும்மாதான கெடக்கு. போயி உக்காரு."

"இருக்கட்டும்ப்பா. சின்னமனூர் என்ன தூரமா, நின்னே வந்துருவேன்."

கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஒருவர் சிரித்தார். "ஒட்டிக்கிரும்னு பயப்புடுது போல."

"ஏன்ப்பா, நம்ம மேல இனி ஒட்டுறதுக்கு எங்கன எடம் இருக்கு?" என்றார் இன்னொருவர். பஸ்ஸே சிரித்தது.

அந்த அம்மா தெரியாத ஆணுக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்கியிருக்கலாம். அது நியாயம். ஜோக் அடித்த இரண்டு ஆண்கள் ஏன் உட்காரவில்லை? சின்னமனூர் வரை தொங்கிக்கொண்டுதான் வந்தார்கள். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து போய் அந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

அவர் பெயர் குவாமே. கானா நாட்டுக்காரர், இருபத்தாறு வயது. சாதிக் சொன்ன 'ஆப்பிரிக்கா ஆள்' இவர்தான். மலப்புறத்தில் நான்கு சீசன் ஆடியதில் மலையாளம் சரளம், தமிழும் கொஞ்சம் வரும். என் பையில் தொங்கிய பூட்ஸைப் பார்த்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார். பஸ்ஸில் சொன்னது புரிந்ததா என்று கேட்டேன்.

"ஒட்டும்னு சொன்னதா? மனசிலாயி ப்ரோ. அது சின்னது. சின்னதுக்கெல்லாம் திரும்பிப் பார்த்தா கழுத்து வலிக்கும்."

பெரியது என்ன என்றேன். கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சின்ன லீக்கில் இரண்டு குளிர்காலம் ஆடியிருக்கிறார். ஒருநாள் கார்னர் எடுக்கப் போனபோது கேலரியிலிருந்து குரங்குச் சத்தம், தோளில் வந்து விழுந்தது ஒரு வாழைப்பழம். நடுவரிடம் காட்டினார். 'நான் பார்க்கவில்லை, கார்னரை எடு' என்று சொல்லிவிட்டார் நடுவர்.

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"கோலா?"

"எவிடெ! பந்து நேரா பார்க்கிங் போச்சு." கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். அடுத்த சீசனுக்கு அவர் திரும்பி வர வேண்டுமானால், மலப்புறத்து அணி மேனேஜர் ஒரு அழைப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாமல் விசா இல்லை. விசா இல்லையென்றால் ஊரில் போய் மாமாவின் டயர் கடையில் உட்கார வேண்டியதுதான். போன மாதம் ஓர் ஊரில் நிறத்தைச் சொல்லித் திட்டியதைப் பற்றி அவர் புகார் செய்திருக்கிறார். 'இன்னொரு முறை இப்படிப் பஞ்சாயத்து என்று என் காதுக்கு வந்தால் கடிதம் கிடையாது' என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். "அதனால இங்க பிரச்னம் வேண்டா. ரெண்டு நாள் ஆடணும், சிரிக்கணும், போகணும். லெட்டர் வேணும்."

9.50க்கு உத்தமபாளையத்தில் இறங்கினோம். டிக்கெட் முப்பது ரூபாய். முதலில் பார்த்த லாட்ஜில் குவாமே போய்க் கேட்டார், ரூம் இல்லை. நான் வெளியே டீ குடித்துவிட்டு, ஒரு சோதனையாக, கால் மணி நேரம் கழித்துப் போய்க் கேட்டேன். சிங்கிள் எழுநூறு, வெந்நீர் காலையில் மட்டும் என்றார்கள். சாவியை வாங்காமல் வந்தேன். இரண்டாவது லாட்ஜில் எனக்கு அறுநூற்றைம்பதுக்கு அறை கிடைத்தது. குவாமேயை சாதிக்கின் அத்தா, அதாவது அப்பா, தன் வீட்டு மாடியில் தங்க வைத்தார். அவர் மதியம் போட்ட பிரியாணியை நானும் சாப்பிட்டேன் என்பதால் அதற்கு விலை தெரியாது.

அன்று மாலை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஊருக்கு ஷேர் ஆட்டோ இருபத்தைந்து ரூபாய். ஒரு பக்கம் அறுத்து முடித்த வயல், இன்னொரு பக்கம் வாழைத் தோப்பு, நடுவில் கயிறு கட்டிய மைதானம். பார்க்க அழகு, பந்து குதிப்பதுதான் கண்றாவி. அங்கேதான் அந்த வழக்கத்தைப் பார்த்தேன். கோல் அடித்தால் ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்தும் ஊர்கள் உண்டு. இங்கே வாழைப்பழம். யார் கோல் அடித்தாலும், எந்த அணியாக இருந்தாலும், ராசாங்கம் என்ற விவசாயி தன் தோட்டத்து செவ்வாழையில் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து போய் அவர் கையில் கொடுப்பார். ஐம்பது வயது இருக்கும். ஆட்டம் அதுவரை நிற்கும். மைக்கில் செல்வம் என்பவர், "இதோ நம்ம ராசாங்கம் அண்ணே, கோலுக்கு மரியாத பண்ணப் போறாக!" என்று முழங்குவார். கூட்டம் விசிலடிக்கும்.

நான் ரசித்துப் போட்டோ எடுத்தேன். காலையில் பஸ்ஸில் வாழைப்பழக் கதையைக் கேட்டவன், மாலையில் வாழைப்பழ மரியாதையைப் பார்த்தவன், இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. குவாமே சாதிக் வீட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் போதும். இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு இது.

ஞாயிறு 4.30க்கு ஃபைனல். போடியிலிருந்து வந்த அணிக்கு எதிராக ஊர் அணி. குவாமே ஊர் அணிக்கு முன்வரிசை, சாதிக் கோலில். ஒன்பதாவது நிமிடம் குவாமே அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்போதுதான் தோப்புப் பக்கத்து மூலையிலிருந்து முதல் முறை கேட்டது. "ஊ ஊ ஊ" என்று அடித்தொண்டையிலிருந்து. பத்துப் பதினைந்து இளவட்டங்கள், பாதிப் பேர் வெளிநாட்டு கிளப்புகளின் ஜெர்சி போட்டிருந்தார்கள். அதில் மூன்று ஜெர்சியின் முதுகில் கருப்பு வீரர்களின் பெயர். சொந்த அணியின் ஆதரவாளர்கள், சொந்த அணி வீரரைப் பார்த்துக் கத்தினார்கள். எனக்குக் காது சரியில்லையோ என்று யோசித்தேன். பத்து நிமிடம் அப்படி யோசித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இருபத்திரண்டாவது நிமிடம் குவாமே கோல் அடித்தார். இரண்டு பேரை ஏமாற்றி, கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவில். ஊரே எழுந்து ஆடியது. ராசாங்கம் சீப்பை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். அதே நொடியில் மூலையிலிருந்து அந்தச் சத்தம், இந்த முறை இரண்டு மடங்கு. குவாமே திரும்பினார். காதில் குரங்குச் சத்தம், எதிரில் வாழைப்பழத்தோடு சிரித்துக்கொண்டு வரும் ஓர் ஆள்.

ராசாங்கம் நீட்டினார். குவாமே ஓங்கித் தட்டிவிட்டார். சீப்பு தரையில் விழுந்து பழங்கள் நசுங்கின.

விசில் சட்டென்று நின்றுவிட்டது. குவாமே இரண்டு கைகளையும் மணிக்கட்டில் குறுக்கே வைத்து நடுவரிடம் காட்டினார். சர்வதேச ஆட்டங்களில் இப்போது இருக்கும் சைகை அது: என் நிறத்தைச் சொல்லி என்னை அவமதிக்கிறார்கள் என்று அர்த்தம். நடுவர் பக்கத்துப் பள்ளியின் பி.டி. வாத்தியார். அவர் வெளியே பார்த்து, "மாத்து ஆளு வேணுமாம்ப்பா!" என்று கத்தினார். ஒரு மாற்று ஆட்டக்காரர் நிஜமாகவே பூட்ஸ் லேஸைக் கட்ட ஆரம்பித்தார். குவாமே நட்டநடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார். முதல் பாதி முடிய மூன்று நிமிடம் இருந்தது. நடுவர் அப்படியே இடைவேளை ஊதினார்.

ஆட்டத்தை நடத்தும் கமிட்டியின் பந்தலுக்குள் சாதிக் என்னை இழுத்துக்கொண்டு போனான். தலைவர் நாற்காலியில் உட்காராமல் சுற்றிச் சுற்றி நடந்தார். "என்னடா இது? ஊரு மரியாத குடுத்தா தட்டி விடுறான்? சோத்தத் தட்டி விடுறவன இந்த மண்ணுல ஆட விடுறதா? மைக்குல மன்னிப்புக் கேக்கச் சொல்லு, இல்ல பஸ் ஏத்தி விடு."

"அண்ணே, மொதல்ல அந்தப் பயக போட்ட சத்தம்..." என்றான் சாதிக்.

"சத்தம் எங்கனதான்டா இல்ல? பந்தாட்டத்துல பின்ன ஒப்பாரியா வைப்பாக?"

ராசாங்கம் ஓரமாக நின்றார். கை இன்னும் சீப்பைப் பிடித்த மாதிரியே இருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எனக்கு மன்னிப்பு மண்ணாங்கட்டியெல்லாம் வேணாம். நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் அந்த ஆளுகிட்ட கேட்டுச் சொல்லு. போடி பயலுக்கே குடுத்திருக்கேன். ஒருத்தனும் இப்பிடிச் செஞ்சதில்ல."

நான் சொன்னேன். உலகத்தில் பெரிய பெரிய மைதானங்களில், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரர்கள் மேல்கூட, தோல் கருப்பு என்பதற்காக வாழைப்பழம் எறிந்திருக்கிறார்கள் என்று. குவாமே தோளிலும் ஒன்று விழுந்திருக்கிறது என்று.

"பழத்தையா? மனுசன் மேலயா? எறிவாகளா?"

"நீ குரங்குன்னு சொல்றதுக்குண்ணே."

"வெளைய வச்சவன் எறிய மாட்டான். வாங்கித் திங்கிற பயதான் எறிவான்" என்றார். பிறகு, "அப்ப நான் சீப்போட போகையில அந்தப் பயலுக ஊளையிட்டானுகளே..."

"அதேதாண்ணே."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "ஏய்யா, என் பழத்த வச்சு அந்த ஆள அடிச்சிருக்கானுக. எனக்கும் சேத்துதான அவமானம்? மொதல்ல அவனுகளக் கூப்புட்டுக் கேளுய்யா."

"அண்ணே, நீங்க சும்மா இருங்க. பயலுக சந்தோசத்துல கத்துறானுக. போன்ல பாத்திருக்கானுக. ஃபாரின்ல இப்பிடித்தான் கத்துவாகளாம்."

நான் விதியை எடுத்துச் சொன்னேன். இப்படிச் சத்தம் வந்தால் முதலில் மைக்கில் எச்சரிக்கை, அடங்கவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களை உள்ளே அனுப்புவது, அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆட்டத்தையே கைவிடுவது. மூன்றே படி. நீங்கள் முதல் படி மட்டும் ஏறுங்கள் என்றேன்.

"அதெல்லாம் உலகக் கோப்பைக்குப்பா. இது எங்க ஊருக் கோப்ப."

போனில் பார்த்துத் தெரியாமல் செய்தார்கள் என்பதை நான் பாதிதான் நம்புகிறேன். அதே போனில்தான் அந்தச் சத்தத்துக்கு எதிராக வீரர்கள் வெளியேறும் வீடியோவும் வருகிறது. அதை அவர்கள் பழகவில்லை. அணை கட்டிய துரையின் பேரன் பந்தோடு இறங்கியிருந்தால் அந்தத் தொண்டைகளிலிருந்து என்ன சத்தம் வந்திருக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நம் சேரிகளையும் தெருக்களையும் பிரித்து வைத்த அதே புத்திதான் இது, புதிதாக ஒரு ஜெர்சி போட்டிருக்கிறது. தலைவரின் தயக்கத்துக்கு இன்னொரு காரணத்தை சாதிக் என் காதில் சொன்னான்: "மாப்ள, அந்த மூலையில நிக்கிறதுல பாதி கமிட்டிக்காரங்க வீட்டுப் பிள்ளைக."

குவாமேயைப் பந்தலுக்குக் கூட்டி வந்தார்கள். யார் கோல் அடித்தாலும் பழம் கொடுப்பது ஊர் வழக்கம் என்று நான் விளக்கியதும் அவர் ராசாங்கத்தையே பார்த்தார். பிறகு தலைவரிடம் தெளிவாக, விரலை மடக்கி எண்ணிச் சொன்னார். "முதல்ல ஞான். இவர்கிட்ட ஸாரி சொல்லும். பின்னெ நீங்க. அந்த சத்தம் தப்புன்னு மைக்ல சொல்லணும். ஓகே?"

"ஓகே, ஓகே" என்றார் தலைவர். நான் அதை என் காதால் கேட்டேன். சாதிக்கும் கேட்டான்.

குவாமே மைக்கை வாங்கினார். "ராசாங்கம் சேட்டா, ஸாரி. தட்டினது என் தப்பு. வேற நாட்டுல, வேற ஆள், இதே சத்தம் போட்டு, இதே பழத்தை என்மேல எறிஞ்சான். கை தானா போச்சு." ராசாங்கம் பையிலிருந்து இன்னொரு சீப்பை எடுத்து நீட்டினார். குவாமே ஒரு பழத்தைப் பிய்த்து எல்லார் முன்னாலும் சாப்பிட்டார். கைதட்டல் தோப்பு வரை போனது. வாயில் பழத்தோடு அவர் மைக்கைத் தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! நம்ம விருந்தாளி வெவரம் தெரியாம ஒரு தப்புப் பண்ணிட்டாரு. மன்னிப்பும் கேட்டுட்டாரு. நம்ம ஊரும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருச்சு. எல்லாரும் ஜோரா ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். தோப்பு மூலையும் தட்டியது.

"சேட்டா, சத்தம்" என்றார் குவாமே. "சத்தம் பற்றிச் சொல்லணும்." தலைவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மைக்கை செல்வத்திடம் கொடுத்தார். செல்வம் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார்.

வெளியேறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "லெட்டர், ப்ரோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மைதானத்துக்குள் போனார். இரண்டாம் பாதியின் பதினோராவது நிமிடம் சத்தம் மறுபடி வந்தது. ராசாங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து, கயிற்றை ஒட்டியே அந்த மூலைக்கு நடந்து, அவர்களுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றார். சத்தம் வரவில்லை. ஒரு தனி ஆள் போய் நின்றாலே நிற்கிற சத்தத்தைத்தான், மைக்கும் பந்தலும் பன்னிரண்டு பேரும் உள்ள கமிட்டி நிறுத்த முடியாது என்றது.

ஊர் அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. குவாமேயைத் தோளில் தூக்கினார்கள். மூலையில் கத்தியவர்களில் இருவர் வந்து செல்ஃபி எடுத்தார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பஸ்ஸில் பார்த்திருந்தேன், இது அது இல்லை.

6.20க்கு டீக்கடையில் இருந்தபோது அவருக்கு மேனேஜரின் போன் வந்தது. "இல்ல சேட்டா. அது அப்படியல்ல. இல்ல சேட்டா." நான்கு நிமிடம் இவ்வளவுதான் பேசினார். கமிட்டியிலிருந்து யாரோ முன்பே போன் செய்து, ஆள் நன்றாக ஆடுகிறான், ஆனால் ஊர்க்காரர்களிடம் தகராறு செய்கிறான், கொடுத்த பழத்தைத் தட்டிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள். கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நோக்காம்னு சொன்னார்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவருடைய அனுபவத்தில், பார்க்கலாம் என்றால் இல்லை. கடிதத்துக்காக விழுங்கினார், விழுங்கிய பிறகும் கடிதம் இல்லை. 7.15க்கு திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். வழியனுப்ப ராசாங்கமும் வந்திருந்தார். ஒரு முழுத் தாரை ஏற்ற முயன்று கண்டக்டரிடம் திட்டு வாங்கினார். "லக்கேஜ் போடணும்ய்யா!" "போடுய்யா, போடு. பழத்துக்கு டிக்கெட் எடுத்த மொத ஆளு நானா இருந்துட்டுப் போறேன்." குவாமே அப்போது சிரித்தது நிஜச் சிரிப்பு.

திங்கள்கிழமை நான் சுருளி அருவி பார்த்தேன். கம்பத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர், பஸ் உண்டு, காலை ஒன்பதுக்கு முன் போனால் கூட்டம் இல்லை. கம்பம் பன்னீர் திராட்சை ரோட்டோரம் கிலோ எண்பதுக்குக் கிடைத்தது, பேரம் பேசாமலே. சாப்பாட்டுக்கு உத்தமபாளையம் போதும். ஜனவரியில் மாலைக்குப் பிறகு மலைக்காற்று உறைக்கும், ஒரு ஸ்வெட்டர் வையுங்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளைக்கு, மதுரையிலிருந்து மதுரைக்கு, எனக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் ஆனது. மைதானத்தில் நாற்காலி டிக்கெட் நூறு, கயிற்றோரம் நின்றால் முப்பது. நின்று பாருங்கள், அங்கேதான் எல்லாம் கேட்கும்.

இந்த ஊருக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கட்டாயம் போங்கள். ஆட்டம் அருமை, வழக்கம் அருமை, ராசாங்கம் மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். சத்தம் கேட்டால் என்னைப் போலப் பத்து நிமிடம் காதைச் சந்தேகப்படாதீர்கள். எழுந்து போய் அந்த மூலையில் நில்லுங்கள். இரண்டு பேர் நின்றால் இன்னும் நல்லது. வெளியூர் வீரர் ஒருவரை முன்பே சந்தித்தால், ஊர் வழக்கத்தை அவருக்குச் சொல்லி வையுங்கள்.

தலைவரே, இதை நீங்கள் படிப்பீர்கள். சாதிக் உங்கள் ஊர் குரூப்பில் போட்டுவிடுவான். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் கமிட்டியின் லெட்டர்பேடில், மலப்புறத்து மேனேஜருக்கு, நான்கு வரி. குவாமே தகராறு செய்யவில்லை. எங்கள் ஆட்கள் அவரைக் குரங்கு என்று கத்தினார்கள். அதை நாங்கள் நிறுத்தவில்லை. தவறு எங்களுடையது. கீழே உங்கள் கையெழுத்து. ராசாங்கம் அண்ணன் தன் கையெழுத்தைப் போடத் தயார் என்று சொல்லிவிட்டார், ஆனால் மேனேஜருக்கு வேண்டியது தலைவர் கையெழுத்து. மலப்புறத்தில் சீசன் மே மாதம் முடிகிறது, அதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். இதைப் போனில் மூன்று முறை கேட்டேன். முதல் முறை 'பாப்போம் தம்பி' என்றீர்கள். இரண்டாம் முறை வயலில் இருக்கிறேன் என்றீர்கள். மூன்றாம் முறை எடுக்கவில்லை. நான்காம் முறை எல்லார் முன்னாலும் கேட்கிறேன்: அந்த நான்கு வரியை என்றைக்கு எழுதப்போகிறீர்கள்?